புதுசாகக் கட்டிய எஸ்.எம்.பி.எஸ். பட்டென்று போனால்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில் என் பெஞ்ச். வாரம் முழுக்க மைக் செட் ஆம்ப்ளிஃபையரும் வெல்டிங் இன்வெர்ட்டரும்தான் வேலை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வருகிறவர்கள் வேறு ரகம். இன்ஜினியரிங் படிக்கும் பசங்க, சொந்தமாக ஆம்ப் கட்டும் ஆர்வக்காரர்கள். கையில் கேரி பேக், அதற்குள் கருகின எஸ்.எம்.பி.எஸ். போர்டு, அதாவது கரண்டை வேகமாகத் திறந்து மூடி வோல்ட்டேஜை மாற்றும் பவர் சப்ளை. "அண்ணா, மறுபடியும் பட்டுனு போச்சு."

அந்த "மறுபடியும்" என்ற வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் தடவை வெடிப்பது சகஜம். இரண்டாவது தடவை வெடிப்பது, வெடித்த பார்ட்டை மட்டும் மாற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டதால். கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட் பெரும்பாலும் அடி வாங்கினவன்தான். அடித்தவன் இன்னும் போர்டிலேயே உட்கார்ந்திருப்பான்.

கீழே சொல்வதெல்லாம் வழக்கமாக வரும் ஒரே சர்க்யூட்டை வைத்து: 230 வோல்ட் கரண்டை நேராக நாலு டயோடு பிரிட்ஜில் திருத்தி 325 வோல்ட் டி.சி., இரண்டு ஐ.ஆர்.எஃப்.பி. 460 மாஸ்ஃபெட் மேலும் கீழுமாக மாறி மாறித் திறக்கும் ஹாஃப் பிரிட்ஜ், ஐ.ஆர். 2110 டிரைவர், எஸ்.ஜி. 3525 கன்ட்ரோலர், இ.டி.டி. 49 ஃபெரைட் கோர், ஆம்புக்கு பிளஸ் 70, மைனஸ் 70 வோல்ட், ஒரு கிலோவாட் வரை. கன்ட்ரோலருக்கும் டிரைவருக்கும் தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து 15 வோல்ட். உங்களுடையது வேறு ஐ.சி. என்றால் பின் நம்பர் மாறும், தேடும் வரிசை மாறாது.

தொடுவதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் உயிர் இருக்கும். 2200 மைக்ரோஃபாரட் இரண்டை சீரிஸில் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கிலும் 47 கே ரெசிஸ்டர் வைத்திருந்தால், ஒரு நிமிடம் கழித்தும் 180 வோல்ட் மிச்சம் நிற்கும். 2.2 கே, 10 வாட் ரெசிஸ்டருக்கு இன்சுலேஷன் போட்ட ஒயர் இரண்டு வைத்து, கால் நிமிடம் பிடித்து இறக்குங்கள். பிறகு மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை. ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து "டப்" என்று இறக்குவது வேண்டாம். கெப்பாசிட்டரும் கெடும், கண்ணிலும் தெறிக்கும்.

அடுத்தது சீரிஸ் பல்பு. ஃபேஸ் ஒயரில் 100 வாட் குண்டு பல்பு ஒன்று. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்பேதான் வேண்டும். இது கரண்டைக் கட்டுப்படுத்துமே தவிர ஷாக்கில் இருந்து காப்பாற்றாது. வோல்ட்டேஜைத் திருகி ஏற்றி இறக்கும் வேரியக்கும் அப்படித்தான்.

ஆஸிலோஸ்கோப் இருக்கிறவர்களுக்கு ஒன்று. அதன் கிரவுண்டு கிளிப் பில்டிங் எர்த்தோடு சேர்ந்தது. பிரைமரி பக்கம் (பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால், 230 வோல்ட்டோடு சேர்ந்த பகுதி) எங்கே மாட்டினாலும் வெடிக்கும். ஸ்கோப்பின் எர்த் பின்னை ஒடித்துவிட்டு மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஸ்கோப்பின் இரும்பு பாடியே 325 வோல்ட். டிஃபரென்ஷியல் புரோப் இல்லையென்றால் பிரைமரியில் ஸ்கோப்பே வேண்டாம், மீட்டர் போதும்.

அறிகுறி 1: ஃப்யூஸ் போகிறது, அல்லது சீரிஸ் பல்பு முழுசாக எரிந்துகொண்டே இருக்கிறது

பல்பு ஒரு நொடி பளிச்சென்று அடித்து மங்கிவிட்டால் கெப்பாசிட்டர் நிரம்பியது என்று அர்த்தம், கோளாறு இல்லை. பல்போடு நன்றாக இருந்து, நேராகப் போட்டதும் ஃப்யூஸ் போனால் முதலில் என்.டி.சி.யைப் பாருங்கள், குளிர்ந்திருக்கும்போது முதல் பாய்ச்சலைத் தடுக்கும் தெர்மிஸ்டர் அது. பல பேர் அந்தக் கறுப்பு வில்லையை கெப்பாசிட்டர் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அணைத்த உடனே மறுபடி போட்டாலும் ஃப்யூஸ் போகலாம், ஏனென்றால் சூடாக இருக்கும் என்.டி.சி. எதையும் தடுக்காது.

பல்பு மங்காமல் எரிந்தால் பிரைமரியில் எங்கோ ஷார்ட். இறக்கிவிட்டு இந்த வரிசையில்:

உள்ளே நுழையும் இடத்தில், வோல்ட்டேஜ் எகிறினால் தான் வாங்கிக்கொள்ளும் எம்.ஓ.வி. கருகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். தெருவில் நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் வந்த அன்று அது தன் வேலையைச் செய்து செத்திருக்கும்.

பிறகு பிரிட்ஜ். டயோடு மோடில் நாலு பக்கமும் 0.4 முதல் 0.6 வரை காட்டி, திருப்பினால் ஓப்பன் காட்ட வேண்டும். எங்காவது இரு பக்கமும் பீப் அடித்தால் அதுதான்.

பிறகு மாஸ்ஃபெட். கழற்றிவிட்டு அளங்கள், போர்டில் வைத்து அளந்தால் ஏமாற்றும். டிரெயின், சோர்ஸ் இடையே ஒரு பக்கம் டயோடு, மறுபக்கம் ஓப்பன். கேட், சோர்ஸ் இடையே பீப் கூடவே கூடாது. கேட்டும் ஷார்ட் என்றால் டிரைவர் ஐ.சி.யும் கூடவே போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றும் நன்றாக இருந்தும் பல்பு எரிகிறதா? டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் இருக்கும் செகண்டரி டயோடுகளின் ஒரு காலை எடுத்துவிட்டுப் போடுங்கள். பல்பு மங்கினால் ஷார்ட் அந்தப் பக்கம். மங்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கலாம். அறிகுறி 5-க்குப் போங்கள்.

எங்கே நிறுத்துவது: எம்.ஓ.வி. இரண்டாவது முறையும் போனால் போர்டைத் தொடாதீர்கள். வீட்டு ஒயரிங்கைப் பார்க்க எலக்ட்ரீஷியனையும், கம்பத்தைப் பார்க்க ஈ.பி. ஆளையும் கூப்பிடுங்கள்.

அறிகுறி 2: மாஸ்ஃபெட் மாற்றினேன், மறுபடி வெடித்தது

இங்கேதான் நிறைய காசு போகிறது, ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

மாஸ்ஃபெட் ஒன்று போனாலும் இரண்டையும் மாற்றுங்கள். கூடவே கேட்டில் இருக்கும் 10 ஓம் ரெசிஸ்டர்கள், கேட் ஜீனர், ஐ.ஆர். 2110. இந்தக் கும்பலில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் அது மற்றதைக் கூட்டிக்கொண்டு போகும். எல்லாம் மாற்றின பிறகும் 230-ஐக் கொடுக்காதீர்கள். 15 வோல்ட்டை மட்டும் கொடுங்கள். 325 வோல்ட் லைன் காலியாகவே இருக்கட்டும்.

இப்போது மீட்டரை டி.சி.யில் வைத்து கீழ் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே பாருங்கள். சதுர அலையின் சராசரியைத்தான் மீட்டர் காட்டும், ஆக 6 முதல் 7 வோல்ட். மேல் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் அதன் சொந்த சோர்ஸுக்கும் இடையே பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே எண். ஸ்கோப் இல்லாதவனுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

*இரண்டும் சமமாக 6, 7 இருந்தால்:* அடுத்து ஃப்ரீக்வென்சி, கீழே பாருங்கள்.

*ஏதாவது ஒன்று நிலையாக 15 காட்டினால்:* அந்த மாஸ்ஃபெட் அணைவதே இல்லை. 230-ஐக் கொடுத்திருந்தால் இந்நேரம் புகை. டிரைவரின் இன்புட் பின்கள் 10, 12-ஐப் பாருங்கள்.

*கீழே சரி, மேலே 2, 3 வோல்ட்தான் என்றால்:* மேல் கேட்டுக்கு சப்ளை தூக்கிக் கொடுக்கும் பூட்ஸ்ட்ராப். பின் 3-ல் இருந்து பின் 6-க்குப் போகும் டயோடு என்ன போட்டிருக்கிறீர்கள்? பெரும்பாலும் 4007. அது 50 ஹெர்ட்ஸுக்குப் பிறந்தது, 50 கிலோஹெர்ட்ஸில் மூடத் தெரியாது. யூ.எஃப். 4007 போடுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கடையில் "அல்ட்ரா ஃபாஸ்ட்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பின் 5, 6 இடையே இருக்கும் கெப்பாசிட்டரையும் ஐ.சி.யை ஒட்டி வையுங்கள்.

ஃப்ரீக்வென்சி. போன வருஷம் ஒரு பையன் நாலு முறை மாஸ்ஃபெட் மாற்றிவிட்டு வந்தான். கணக்கு நோட்டோடு வந்தான், நல்ல பையன். 50 கிலோஹெர்ட்ஸுக்கு பிரைமரி 24 சுற்று. கணக்கு அச்சுப் பிசகாமல் சரி: 162 வோல்ட், கோரின் குறுக்குப் பரப்பு 2.11 சதுர சென்டிமீட்டர், ஃப்ளக்ஸ் 0.16 டெஸ்லா. ஆனால் எஸ்.ஜி. 3525-ன் ஆஸிலேட்டரை 50-க்கு வைத்துவிட்டான். அந்த ஐ.சி. துடிப்புகளை இரண்டு அவுட்புட்டுக்கும் மாற்றி மாற்றிப் பங்கு போடும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் போவது அதில் பாதி, 25 தான். ஃப்ரீக்வென்சி பாதியானால் ஃப்ளக்ஸ் இரட்டிப்பு, 0.32. குளிர்ந்த கோரில் ஓடும். லைன் 260-க்கு ஏறினால் 0.36. சூடேறின ஃபெரைட் 0.4-ஐ நெருங்கினாலே சாச்சுரேட் ஆகி, அதாவது அதற்கு மேல் காந்தம் ஏற இடமில்லாமல் போய், பிரைமரி வெறும் ஒயராகிவிடும். "பத்து நிமிஷம் நல்லா ஓடிச்சுண்ணா, அப்புறம்தான் போச்சு" என்றால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகும்.

ஹெர்ட்ஸ் அளக்கும் மீட்டரைக் கேட்டில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். பின் 5-ல் 1 நானோஃபாரட், பின் 5, 7 இடையே 100 ஓம் இருந்தால், பின் 6-ல் சுமார் 14 கே வைத்தால் டிரான்ஸ்ஃபார்மரில் 50 வரும். அந்த 100 ஓமை ஒயரால் ஷார்ட் செய்துவிடாதீர்கள். ஒரு மாஸ்ஃபெட் அணைந்து மற்றது திறப்பதற்கு இடைப்பட்ட மூச்சு அதில்தான் இருக்கிறது.

கேட், ஃப்ரீக்வென்சி இரண்டும் சரி என்றால் மிச்சம் மூன்று. டிரைவரில் இருந்து கேட்டுக்குப் போகும் ஒயர் விரல் நீளத்துக்கு மேல் இருந்தால் குறையுங்கள். மாஸ்ஃபெட்களை ஒட்டி, 325 வோல்ட் லைன் குறுக்கே 1 மைக்ரோஃபாரட் 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். கடைசியாக, மாஸ்ஃபெட்டே போலியா?

போலி நிறைய உலவுகிறது. பெரிய உடம்புக்குள் சின்ன சில்லு. கண்டுபிடிக்க 12 வோல்ட் பேட்டரி, காரின் 55 வாட் ஹெட்லைட் பல்பு போதும். பல்பை மாஸ்ஃபெட் வழியாக எரியவிட்டு, கேட்டுக்கு 12 வோல்ட் கொடுத்து, டிரெயின், சோர்ஸ் இடையே அளங்கள். நாலரை ஆம்பியர் ஓடும். 460-ன் உள் தடை அதிகபட்சம் 0.27 ஓம், ஆகவே 1.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 2, 3 என்று காட்டினால் அது 460 இல்லை. மூன்று விநாடிக்கு மேல் எரியவிடாதீர்கள்.

எங்கே நிறுத்துவது: இவ்வளவும் பார்த்து இன்னும் ஒரு ஜோடி போனால், அடுத்த ஜோடி வாங்கும் காசை டிஃபரென்ஷியல் புரோப் வைத்திருக்கும் ஆளிடம் கொடுங்கள். கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வெல்டிங் இன்வெர்ட்டர் பார்ப்பவர்களிடம் இருக்கும். கேட் அலையைப் பத்து நிமிடம் பார்த்தாலே சொல்லிவிடுவார்கள்.

அறிகுறி 3: சத்தமே இல்லை, அவுட்புட் பூஜ்யம், எதுவும் வெடிக்கவும் இல்லை

சந்தோஷப்படுங்கள், இது மலிவான கோளாறு. எஸ்.ஜி. 3525-ல் பின் 15-க்கு சப்ளை வருகிறதா, பின் 16-ல் 5.1 வோல்ட் இருக்கிறதா? இல்லையென்றால் 15 வோல்ட் பகுதியைப் பாருங்கள். இருந்தால் பின் 10. அது காற்றில் தொங்கினாலோ மேலே ஏறி நின்றாலோ ஐ.சி. வாயை மூடிக்கொள்ளும், கிரவுண்டில் இருக்க வேண்டும். ஐ.ஆர். 2110-ல் அதே வேலையைப் பின் 11 செய்கிறது. பிறகு 3525-ன் பின் 8. அதில் இருக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் ஷார்ட் என்றால் அங்கே வோல்ட்டேஜ் எழும்பவே எழும்பாது.

அறிகுறி 4: டிக்... டிக்... டிக்... அவுட்புட் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து விழுகிறது

முதலில் ஆம்பைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் கோளாறு ஆம்பில். நிற்காவிட்டால் அவுட்புட் டயோடு. இங்கேயும் 4007-ன் அண்ணன் தம்பிகளைப் போட்டவர்கள் உண்டு, எம்.யூ.ஆர். 1560 மாதிரி வேகமான டயோடு தேவை. டயோடு சரியென்றால் கெப்பாசிட்டரைத் திருப்பி வைத்திருக்கிறோமா என்று பாருங்கள். மைனஸ் 70 பக்கத்தில் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும், பழக்க தோஷத்தில் எல்லோரும் ஒருமுறை தப்பு செய்கிறோம்.

எல்லாம் சரி, ஆனாலும் டிக் டிக் என்றால் அவுட்புட்டில் பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் வைத்திருப்பீர்கள். அதை நிரப்பும் கரண்டையே ஷார்ட் என்று பாதுகாப்பு சர்க்யூட் நினைக்கிறது. 3525-ன் பின் 8-ல் இருக்கும் கெப்பாசிட்டரை 1-ல் இருந்து 10 மைக்ரோஃபாரடாக ஏற்றினால் அரை விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்ல எழும்பும்.

அறிகுறி 5: சூடு

*லோடே இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மர் சுடுகிறதா?* கோர். ஃப்ரீக்வென்சியை அளங்கள், சுற்றை எண்ணுங்கள். பழைய போர்டில் இருந்து பிடுங்கின கோர் என்றால், இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நடுக்காலில் ஒரு கோடாக வெளிச்சம் தெரிந்தால் அதில் இடைவெளி அரைத்திருக்கிறார்கள். ஃப்ளைபேக் என்ற வேறு ரக சப்ளைக்கு அது வேண்டும், ஹாஃப் பிரிட்ஜுக்கு ஆகாது.

*லோடு போட்டால் மட்டும் சுடுகிறதா?* செம்பு. 50 கிலோஹெர்ட்ஸில் கரண்டு ஒயரின் தோலில் 0.3 மில்லிமீட்டர் ஆழம்தான் ஓடும். தடித்த ஒற்றைக் கம்பியால் பயனில்லை. 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லியதைப் பல இழையாக முறுக்கிச் சுற்றுங்கள். ஒவ்வொரு இழையின் எனாமலையும் சுரண்டி ஈயம் ஏற்றுங்கள். எட்டு இழையில் மூன்று மட்டும் ஒட்டியிருந்த டிரான்ஸ்ஃபார்மர்களை நானே பிரித்திருக்கிறேன், அதில் ஒன்று நான் சுற்றியது.

*ஒரு மாஸ்ஃபெட் மட்டும் சுடுகிறதா?* ஓடும்போது இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களின் வோல்ட்டேஜைத் தனித்தனியாகப் பாருங்கள். 162 அருகில் சமமாக இருக்க வேண்டும். 130, 195 என்று பிரிந்தால் ஒரு கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது, அல்லது ஒரு கேட் அலை குறுகிவிட்டது. சமமாக இருந்தால் ஹீட் சிங்க் நட்டையும், மாஸ்ஃபெட்டுக்கு அடியில் இருக்கும் மைக்கா தகட்டையும் பாருங்கள்.

*டிரான்ஸ்ஃபார்மருக்கு சீரிஸில் இருக்கும் கெப்பாசிட்டர் சுடுகிறதா?* அங்கே சாதா பாலியெஸ்டர் தாங்காது. பாலிப்ரொப்பிலீன் போடுங்கள்.

மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே சோதிக்கிறவர்கள், காற்றே 40 டிகிரியைத் தாண்டி இருப்பதை மறக்க வேண்டாம். 10 டிகிரி ஏற ஏற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகிக்கொண்டே போகும்.

அறிகுறி 6: லோடு போட்டால் வோல்ட்டேஜ் விழுகிறது

சீரிஸ் பல்பு இன்னும் மாட்டியே இருக்கிறதா? சிரிக்காதீர்கள், முதலில் அதைப் பாருங்கள்.

பிறகு லோடு ஓடும்போதே 325 லைனை அளங்கள். அங்கேயே 280-க்குக் கீழே போனால் முன் பக்கம் பலவீனம். 1000 மைக்ரோஃபாரட் இரண்டை சீரிஸில் போட்டால் கிடைப்பது 2000 இல்லை, 500. வாட்டுக்கு ஒரு மைக்ரோஃபாரட் என்பது எங்கள் கைக்கணக்கு. ஒரு கிலோவாட்டுக்கு 2200 இரண்டு வேண்டும். லைன் நிற்கிறது, அவுட்புட் மட்டும் விழுகிறது என்றால் மேலே சொன்ன ஒட்டாத இழைகள், அல்லது ஃபீட்பேக்கில், அவுட்புட்டை அளந்து பார்க்கும் டி.எல். 431 ஐ.சி.க்குப் போகும் ரெசிஸ்டர்கள். அதன் ரெஃபரன்ஸ் காலில் 2.5 வோல்ட் நிற்க வேண்டும்.

லோடுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். வாளித் தண்ணீரில் 1000 வாட் ஹீட்டர் ராடு. அதன் தடை 53 ஓம். பிளஸ் 70-க்கும் மைனஸ் 70-க்கும் நடுவில் மாட்டினால் 370 வாட் இழுக்கும், இரண்டு ராடு 740. பிளாஸ்டிக் வாளி, ராடு முழுசாக மூழ்கியிருக்கட்டும், ஓடும்போது தண்ணீரில் விரல் வைக்காதீர்கள்.

அறிகுறி 7: சீட்டிச் சத்தம்

லோடு இல்லாதபோது மட்டும் என்றால் அவுட்புட்டில் 5 வாட் அளவுக்கு ஒரு நிரந்தர ரெசிஸ்டர் வைத்தால் அடங்கும். லோடிலும் பாடினால் கோரின் இரண்டு பாதியும் ஆடுகின்றன. டேப்பை இறுக்கி வார்னிஷ் போடுங்கள்.

அறிகுறி 8: பாடியில் ஷாக், அல்லது ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிறது

"மைக்ல வாய் வெச்சா சுள்ளுனு அடிக்குதுன்னு பாட்டுக்காரர் திட்டுறாரு" என்று மைக் செட் அண்ணன் ஒருவர் வந்தார். சப்ளை நன்றாகத்தான் இருந்தது. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை யாரோ வெட்டியிருந்தார்கள். எர்த் இல்லாவிட்டால், ஃபில்டரில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டில் இருந்தும் பாடிக்குப் போகும் இரண்டு ஒய் கெப்பாசிட்டர்களும் பாடியைப் பாதி வோல்ட்டேஜில், சுமார் 115-ல் மிதக்க விடும். கரண்டு ஒரு மில்லிஆம்பியரில் சிறு பங்குதான், ஆனால் உதட்டுக்குத் தெரியும். எர்த்தைச் சரி செய்தால் போய்விடும்.

எர்த் கொடுத்தவுடன், கரண்டு கசிந்தால் லைனை அணைக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் விஷயம் வேறு. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை இறக்கி, பிரைமரிக்கும் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள். ஓப்பன்தான் வர வேண்டும். ஏதாவது எண் காட்டினால் மைக்கா கிழிந்திருக்கும், அல்லது ஒய் கெப்பாசிட்டருக்குப் பதில் சாதா கெப்பாசிட்டர் வைத்து அது ஷார்ட் ஆகியிருக்கும். மழைக்காலத்தில் மட்டும் விழுகிறது என்றால் போர்டைப் பாருங்கள். ராயபுரம், திருவொற்றியூர், பெசன்ட் நகர் பக்கத்துப் போர்டுகளில் உப்புக் காற்று பட்டுச் செம்புத் தடம் பச்சை பூத்து, ஐப்பசி ஈரத்தில் கரண்டு கடத்த ஆரம்பிக்கும். ஐ.பி.ஏ. (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) வைத்து பிரஷ்ஷால் கழுவி, ஒரு நாள் உலர்த்தி, வார்னிஷ் பூசுங்கள். பல்லி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே ஓம் காட்டினால் அந்த டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டுப் போட வேண்டாம். நடுவில் மூன்று சுற்று மைலார் டேப், ஓரத்தில் 3 மில்லிமீட்டர் இடம் விட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். சுற்றின பிறகு 500 வோல்ட் மெக்கரில் பார்க்காமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள். இன்சுலேஷனை அளக்கும் அந்த மெக்கர் எந்த எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரிடமும் இருக்கும். காசுக்கு விற்கப்போகிறீர்கள் என்றால் அதுவும் போதாது, உயர் வோல்ட்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைப் பார்க்கும் ஹைபாட் சோதனையும், மற்ற கருவிகளைக் கெடுக்கும் மின்காந்த இரைச்சல் சோதனையும் வேண்டும். இரைச்சலுக்குத் தரமணியில் சமீர் மையம் இருக்கிறது. போர்டோடு சர்க்யூட் படத்தையும் சுற்றுக் கணக்கையும் எடுத்துப் போங்கள்.